மரியசீலிக்கு, தையல் வெட்டிய பிறகு

வலிக்குமா என்றுதான் எல்லாரும் கேட்பார்கள்.
நீ, யாரும் கண்டுபிடிப்பார்களா என்று கேட்டாய்.
கண்டுபிடிப்பார்கள், மரியசீலி.
ஆனால் வேறு எதையோ.

எனக்கு விசா மறுத்தார்கள், அது உனக்குத் தெரியும்.
மகளின் பிள்ளைப்பேற்றுக்கு லண்டன் போனது குணநாயகம்.
என் டிக்கெட் காசு அலுமாரியில் கிடந்தது.
அதோடு சீட்டுக் காசையும் சேர்த்தேன்.
ஏன் என்று கேட்காதே.
தலைக்கு மை பூசுகிறவளிடம் யார் கேட்கிறார்கள்?

கொழும்பில், விடிய ஐந்தரைக்கு,
நீலப் பேனாவால் முகத்தில் கோடு போட்டார்கள்.
காணிப்பதிவகத்தில் முப்பத்தொரு வருசம்
வரைபடங்களில் எல்லைக்கல் தேடியவள் நான்.
என்னையே துண்டு பிரிப்பதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது.
"சிரிக்க வேணாம் மிஸ், கோடு கோணுது"
என்றாள் தாதி.

வலி, சொல்லும்படியாக இல்லை.
இறுக்கம்தான்.
சின்னப் பிள்ளையின் சட்டையைத்
தலைவழி போட்டு இழுத்த மாதிரி.
காதுக்குப் பின்னால் ஆளுக்கொன்றாய் இரண்டு குழாய்,
நுனியில் பீட்றூட் அவித்த தண்ணீர்.
பார்க்காதே.
பார்ப்பாய்.

மூன்றாம் நாளைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை.
மூன்றாம் நாள் நீ அழுவாய்.
ஒரு கண் பாதி மூடிப்போகும்.
ஊதா நிறம் கழுத்துக்கு இறங்கும்,
பிறகு நெஞ்சுக்கு, அங்கே மஞ்சளாகும்.
இதற்கா இவ்வளவு காசு என்று கண்ணாடி கேட்கும்.
பதில் சொல்லாதே, வாயைக் கனக்க அசைக்கக் கூடாது.

உப்புவெளியில் மச்சாளின் விடுதி, கடைசி அறை.
வெயிலில் வெந்த வெள்ளைக்காரர்கள்
செக்கச்செவேலென்று திரிகிற மாதம்;
அவர்களுக்கு நடுவில் என் முகம் ஒரு முகமாகவே எடுபடவில்லை.
இரவில் பஸ்ஸில் தூங்குவதுபோல
நிமிர்ந்து இருந்தபடி நித்திரை.
இடியப்பம், சொதி. நண்டுக்கால் கடிக்க
ஆறு கிழமை பொறு.
கச்சான் காற்று அடிக்கிறது,
மணல் கன்னத்தில் படுவது
கண்ணுக்குத் தெரிகிறது, கன்னத்துக்குத் தெரியவில்லை.
தொலைபேசியை வைத்தால்
வேறு யாருடையதோ காது.
வரும் என்கிறார் டொக்டர். மாதங்கள் ஆகுமாம்.

உதட்டுக்கு மேலே உள்ள கோடுகள் அப்படியே இருக்கின்றன.
கைகளும் அப்படியே.
கண்ணாடிக்கு முன்னால் கையைத் தூக்காதே.

தையல் வெட்டப் போன அன்று
டொக்டர் ஒரு சின்னப் போத்தலை நீட்டினார்.
காதோரம் கழித்த தோலில் இருந்ததாம்.
"இது மச்சமில்லை, கல்லு."

பதினொரு வயதில், கோட்டை வாசலில்,
மான் ஒன்று குறுக்கே பாய்ந்து
சைக்கிளோடு விழுந்தேன்.
தார் றோட்டின் ஒரு பொடி
உள்ளே போய்த் தங்கிவிட்டிருக்கிறது.
அதைத்தான் பெண் பார்க்க வந்தவர்கள்
லட்சுமி என்றார்கள்.
குறிப்பில்கூட எழுதினார்கள்,
"வலக் கன்னத்தில் மச்சம், வீடு விருத்தி" என்று.
முனிசிப்பல் றோட்டுக் கல், மரியசீலி!

நேற்று இரவு ரெயினில் குணநாயகம் வந்தார்.
ஸ்ரேசன் விளக்கில் நன்றாக நின்றேன்,
முகத்தை நிமிர்த்தி, விலைச்சீட்டு எடுக்காத சேலைபோல.
பேரனின் படம் காட்டினார்.
"நல்ல நித்திரை கொண்டிருக்கிறாய் போல" என்றார்.
வானுக்குள் ஏறிய பிறகுதான்
விரலைக் கொண்டுவந்தார் காதுக்கு முன்னால்.
அவருடைய மணிக்கட்டு தெரிந்தது, விரல் தெரியவில்லை.
"இதில ஒண்டு இருந்ததெல்லோ?"

கைப்பைக்குள் போத்தல் கிலுகிலுத்தது.
வீடுவரை நான் ஒன்றும் சொல்லவில்லை,
இன்னும் சொல்லவில்லை.

இரண்டு கிழமைக்கு முன்பே அஸ்பிரினை நிறுத்து,
உள்ளிக் குளிசையையும்தான்.
போகும்போது முன்னால் பொத்தான் வைத்த
சட்டைகள் மட்டும் கொண்டுபோ.